எலியின் காதில் ஒரு புண்: லீஷ்மேனியாவும் நோயெதிர்ப்பும், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லீஷ்மேனியா மேஜர் என்ற ஒட்டுண்ணியை இரண்டு எலிகளின் தோலுக்குள் ஒரே அளவில் செலுத்துகிறோம். ஒன்றுக்குப் புண் வந்து இரண்டு மூன்று மாதத்தில் தானாக ஆறிவிடுகிறது. இன்னொன்றுக்குப் புண் பெருகி, கிருமி மண்ணீரல் வரை பரவி, உயிரையே கொண்டுபோய்விடுகிறது. கிருமி ஒன்றுதான், வேறுபாடு எலியின் உடம்பு கொடுக்கும் பதிலில் இருக்கிறது. இந்த எலிகளோடு சில வருடம் வேலை பார்த்தவன் என்பதால் மாணவர்களும் நண்பர்களும் சொந்தக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலில், இந்த லீஷ்மேனியா என்பது என்ன?

ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. பாக்டீரியாவும் இல்லை, வைரஸும் இல்லை. மணல் ஈ கடித்தால் வரும். மணல் ஈ என்றதும் வீட்டு ஈயை நினைக்க வேண்டாம், இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும், கொசுவைவிடச் சின்னது, பறக்கும்போது சத்தமே வராது. ஈயின் குடலுக்குள் இந்தக் கிருமி நீளமாக, வால் மாதிரி ஒரு இழையோடு நீந்திக்கொண்டிருக்கும். தோலுக்குள் வந்து ஒரு மேக்ரோஃபேஜ் செல் அதை விழுங்கியதும் இழை சுருங்கி, உருண்டையாகி, அந்தச் செல்லுக்குள்ளேயே குடித்தனம் நடத்தத் தொடங்கிவிடும். கிருமிகளை விழுங்கிச் செரிப்பதுதான் மேக்ரோஃபேஜின் வேலை. செரிக்க வேண்டிய பைக்குள்ளேயே உட்கார்ந்து பெருகுகிறது இது. மற்ற எல்லாச் சிக்கலும் இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

காலா அசார் என்று படித்திருக்கிறேனே, அதுவும் இதுவும் ஒன்றா?

ஒரே குடும்பம், வேறு வேறு உறுப்பினர். காலா அசாரை உண்டாக்குவது லீஷ்மேனியா டோனோவானி. அது மண்ணீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை வரை போகும், மருந்து கொடுக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. அந்தப் பெயரில் இருக்கும் டோனோவான் நம்ம சென்னையில் வேலை பார்த்த மருத்துவர். 1903-இல் சார்லஸ் டோனோவான் மதராஸ் பொது மருத்துவமனையில் நோயாளிகளின் மண்ணீரலிலிருந்து எடுத்த மாதிரியில் இந்த உருண்டைகளைப் பார்த்தார். அதே வருடம் இங்கிலாந்தில் வில்லியம் லீஷ்மன், கல்கத்தா பக்கத்து டம்டம்மில் காய்ச்சல் கண்டு இறந்த ஒரு சிப்பாயின் மண்ணீரலில் பார்த்ததை வெளியிட்டார். இரண்டு பேர் பெயரையும் சேர்த்து வைத்தவர் ரொனால்ட் ராஸ்.

இந்தப் பக்கத்தில் நாம் பேசப்போவது லீஷ்மேனியா மேஜர். வட ஆப்பிரிக்கா, மத்திய கிழக்கு, மத்திய ஆசியா பக்கம் தோலில் புண்ணை உண்டாக்குவது. அந்தப் பக்கத்துத் தோல் லீஷ்மேனியாப் புண்களுக்கு பாக்தாத் புண், அலெப்போ புண் என்றெல்லாம் பழைய பெயர்கள் உண்டு. உலகம் முழுக்கத் தோல் லீஷ்மேனியாசிஸ் என்று எடுத்துக்கொண்டால் வருடத்துக்கு 6 லட்சம் முதல் 10 லட்சம் பேருக்குப் புதிதாக வருகிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

மனிதருக்கு வருகிற நோய்க்கு எலியை ஏன் பார்க்க வேண்டும்?

இயற்கையிலேயே லீஷ்மேனியா மேஜர் கொறிக்கும் விலங்குகளின் கிருமிதான். பாலைவனத்தில் வளை தோண்டி வாழும் ஜெர்பில் எலிகளுக்கும் அந்த வளைக்குள் இருக்கும் மணல் ஈக்களுக்கும் நடுவே அது சுற்றிக்கொண்டிருக்கிறது, மனிதர் இடையில் போய் மாட்டிக்கொள்கிறார். ஆய்வகச் சுண்டெலி ஜெர்பில் இல்லைதான், ஆனாலும் அதன் தோலில் வருகிற புண் மனிதருக்கு வருகிற புண்ணைப் பல விதத்தில் ஒத்திருக்கும். இன்னொரு காரணமும் உண்டு. ஆய்வக எலிகளில் பல இனங்கள் தலைமுறை தலைமுறையாக உடன்பிறப்புக் கலப்பில் வளர்க்கப்பட்டவை, ஓர் இனத்துக்குள் ஒவ்வொரு எலியும் இன்னொன்றுக்கு இரட்டைப் பிறவி மாதிரி. அதனால் இரண்டு இனங்களுக்கு நடுவே வேறுபாடு தெரிந்தால் அது தற்செயல் இல்லை, மரபில் இருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம்.

ஒரே கிருமி, இரண்டு முடிவு என்றீர்களே, நேரில் எப்படி இருக்கும்?

கறுப்பு எலி ஒன்று, வெள்ளை எலி ஒன்று. கறுப்பு இனத்துக்கு சி57 பிளாக்-6 என்று பெயர், வெள்ளைக்கு பால்ப்-சி. பழைய முறையில் பின்னங்கால் பாதத்தில் பத்து இருபது லட்சம் கிருமிகளை ஊசியால் போடுவார்கள். அப்புறம் வாரா வாரம் காலிப்பர் கொண்டு பாதத்தின் தடிமனை அளக்க வேண்டும். ஊசி போடாத பாதத்தையும் அளந்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மில்லிமீட்டரில் எழுதி வைக்க வேண்டும். எலி காலை இழுத்துக்கொள்ளும், கை அசையும், அதனால் ஒரே பாதத்தை மூன்று தடவை அளந்து சராசரி எடுப்போம்.

முதல் இரண்டு மூன்று வாரம் இரண்டு இனத்துக்கும் கோடு ஒன்றாகத்தான் ஏறும். எது கறுப்பு எது வெள்ளை என்று வரைபடத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. நாலாவது ஐந்தாவது வாரம் வாக்கில் பிரிய ஆரம்பிக்கும். கறுப்பு எலியின் பாதம் வீங்குவது நின்று மெல்ல வற்றும், சில வாரம் கழித்துத் தடவிப் பார்த்தால்தான் தழும்பு தெரியும். வெள்ளை எலிக்கு வீக்கம் ஏறிக்கொண்டே போகும், தோல் உடைந்து புண்ணாகும், தசை அழுகும். அந்த நிலைக்கு விடாமல் முன்னாலேயே எலியை வலியில்லாமல் முடித்துவிட வேண்டும் என்பது விதி, அந்த நாளை ஒத்திப்போடக் கூடாது.

டிஎச்1, டிஎச்2 என்று எல்லாரும் சொல்கிறார்களே, அது என்ன?

நோயெதிர்ப்பில் டி செல்கள் என்று ஒரு வகை வெள்ளணுக்கள் உண்டு. அதில் சிடி4 என்ற அடையாளம் உள்ளவை உதவி டி செல்கள். இவை நேராகக் கிருமியைக் கொல்லப் போவதில்லை, சைட்டோகைன் என்ற புரதங்களைச் சுரந்து மற்ற செல்களுக்கு இன்னது செய் என்று சொல்லும். 1986-இல் கலிஃபோர்னியாவில் டி.என்.ஏ.எக்ஸ் ஆய்வு நிறுவனத்தில் டிம் மோஸ்மனும் ராபர்ட் காஃப்மனும், எலியின் உதவி டி செல்களைத் தனித்தனியாக வளர்த்துப் பார்த்தபோது அவை இரண்டு கூட்டமாகப் பிரிவதைக் கண்டார்கள். ஒரு கூட்டம் இன்டர்ஃபெரான் காமா சுரக்கிறது, இது டிஎச்1. இன்னொரு கூட்டம் இன்டர்லூகின்-4 சுரக்கிறது, இது டிஎச்2.

கிண்ணத்தில் பார்த்தது உயிருள்ள உடம்பில் நடக்கிறதா, நடந்தாலும் அதனால் ஏதாவது ஆகிறதா? அதற்குப் பதில் இந்தப் புண்ணிலிருந்துதான் வந்தது. 1989-இல் ஃப்ரெட் ஹைன்செல், ரிச்சர்ட் லாக்ஸ்லி குழு, காஃப்மனும் அதில் உண்டு, இரண்டு எலிகளின் நிணநீர்க் கணுக்களையும் எடுத்துப் பார்த்தது. ஆறுகிற எலியில் இன்டர்ஃபெரான் காமா மேலோங்கி இருந்தது, ஆறாத எலியில் இன்டர்லூகின்-4 மேலோங்கி இருந்தது. அதற்கு ஒரு வருடம் முன்பே ஃபிலிப் ஸ்காட் குழு இந்த இரண்டு மாதிரி டி செல்களையும் எலிக்குள் செலுத்திப் பார்த்து, ஒன்று காப்பாற்றுகிறது, மற்றொன்று நோயை மோசமாக்குகிறது என்று காட்டியிருந்தது. அன்றிலிருந்து நோயெதிர்ப்புப் பாடம் எடுக்கிற யாரும் இந்த இரண்டு எலிகளையும் சொல்லாமல் தாண்டிப் போவதில்லை.

இரண்டும் சேர்ந்து இருக்கிறது, சரி. அதுதான் காரணம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

நல்ல கேள்வி, எல்லாரும் இதைக் கேட்க வேண்டும். சேர்ந்து இருப்பதால் மட்டும் காரணம் ஆகிவிடாது, ஒன்றை எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். பார்த்தார்கள். வெள்ளை எலிக்கு ஆரம்பத்திலேயே இன்டர்லூகின்-4-ஐ முடக்கும் ஆன்டிபாடியைக் கொடுத்தால், சாக வேண்டிய எலி பிழைத்துக்கொள்கிறது. கறுப்பு எலிக்கு இன்டர்ஃபெரான் காமாவை முடக்கினால் ஆற வேண்டிய புண் ஆறவில்லை. டி செல்களை டிஎச்1 பக்கம் சாய்க்கும் சைட்டோகைனான இன்டர்லூகின்-12-ஐ வெள்ளை எலிக்குக் கொடுத்தாலும் குணமாகிறது, இது 1993-இல் தெரிந்தது. எல்லாவற்றிலும் ஒரு நிபந்தனை உண்டு, ஆரம்ப நாட்களிலேயே கொடுக்க வேண்டும். சில வாரம் கழித்துக் கொடுத்தால் பெரும்பாலும் வீண்.

எனக்கு இவற்றையெல்லாம்விடப் பிடித்த சோதனை இன்னும் பழையது. டிஎச்1, டிஎச்2 என்ற பெயர்களே வராத காலத்தில், 1980-களின் தொடக்கத்தில், வெள்ளை எலிக்குச் சாகாத அளவுக்குக் கதிர்வீச்சு கொடுத்துவிட்டுக் கிருமியைச் செலுத்தினார்கள். கதிர்வீச்சு நோயெதிர்ப்புச் செல்களை அழிக்கும், எதிர்ப்புக் குறைந்தால் எலி இன்னும் சீக்கிரம் சாக வேண்டும் என்றுதானே நினைப்போம்? அது பிழைத்துக்கொண்டது. உதவி டி செல்களை ஓரளவு குறைத்தபோதும் அதே கதைதான். அப்படியென்றால் வெள்ளை எலிக்கு எதிர்ப்பு சக்தி குறைவு என்று சொல்வது தப்பு. எதிர்ப்பு நிறையவே இருக்கிறது, தப்பான திசையில் போகிறது. எதிர்ப்பு சக்தியைக் கூட்ட என்ன சாப்பிடலாம் என்று யாராவது கேட்கும்போதெல்லாம் இந்த எலிதான் எனக்கு நினைவுக்கு வரும்.

இந்தச் சைட்டோகைன் மேக்ரோஃபேஜுக்குள் போய் என்னதான் செய்கிறது?

அர்ஜினைன் என்று ஓர் அமினோ அமிலம், நாம் சாப்பிடும் புரதத்திலும் இருப்பதுதான். மேக்ரோஃபேஜுக்குள் இந்த ஒரே சரக்குக்கு இரண்டு நொதிகள் போட்டி போடுகின்றன. இன்டர்ஃபெரான் காமா வந்து தட்டினால் நைட்ரிக் ஆக்ஸைடு தயாரிக்கும் நொதி முளைக்கும், அது அர்ஜினைனை நைட்ரிக் ஆக்ஸைடாக மாற்றும், அந்த வாயு உள்ளே உட்கார்ந்திருக்கும் கிருமியைக் கொல்லும். இன்டர்லூகின்-4 வந்து தட்டினால் ஆர்ஜினேஸ் என்ற வேறு நொதி கூடும், அதே அர்ஜினைன் ஆர்னிதைனாகி, அதிலிருந்து பாலிஅமீன்கள் வரும். பாலிஅமீன் கிருமி பெருகுவதற்கு வேண்டிய தீனி. ஒரே குடத்துத் தண்ணீர், ஒரு கை தீயை அணைக்கிறது, இன்னொரு கை களைக்குப் பாய்ச்சுகிறது. நைட்ரிக் ஆக்ஸைடு நொதியின் மரபணுவை நீக்கிய எலி, கறுப்பு இன மரபோடு வந்தாலும் இந்தக் கிருமியை அடக்க முடியாமல் போகிறது.

கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் புண்ணின் ஓரத்திலிருந்து கொஞ்சம் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் தடவி, கீம்சா சாயம் போட்டு, எண்ணெய் லென்ஸில் பார்க்க வேண்டும். வெள்ளை எலியின் மேக்ரோஃபேஜ் கருவை ஒரு ஓரமாகத் தள்ளிவிட்டு உப்பிப்போய் நிற்கும், உள்ளே வெளிர்நீல உருண்டைகள் திராட்சைக் குலை மாதிரி. ஒவ்வொரு உருண்டைக்குள்ளும் ஊதா நிறத்தில் ஒரு பெரிய புள்ளி, பக்கத்திலேயே சின்னதாக ஒரு கோடு. பெரியது கரு, சின்னது கினெட்டோபிளாஸ்ட், அதாவது இந்தக் கிருமியின் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் டிஎன்ஏ கட்டு. அந்த இரண்டும் சேர்ந்து தெரிந்தால்தான் லீஷ்மேனியா என்று எழுதலாம், ஒன்று மட்டும் தெரிந்தால் அது சாயக் கறையாகவும் இருக்கலாம். ஆறிக்கொண்டிருக்கும் கறுப்பு எலியின் தகட்டில் இதைத் தேடிக் கண் பூத்துவிடும், பத்து நிமிடம் நகர்த்தினால் ஒன்றிரண்டு கிடைக்கும்.

டிஎச்1 ஆவதா டிஎச்2 ஆவதா என்று யார் முடிவு செய்கிறார்கள்?

தோலில் இருக்கும் டென்ட்ரைட்டிக் செல்கள் கிருமியின் துணுக்குகளை எடுத்துக்கொண்டு நிணநீர்க் கணுவுக்குப் போய் டி செல்லுக்குக் காட்டும். காட்டும்போது இன்டர்லூகின்-12 சேர்ந்து வந்தால் டி செல் டிஎச்1 பக்கம் சாயும். முதல் சில நாட்களில் அங்கே எந்தச் சைட்டோகைன் இருக்கிறது என்பதில்தான் பெரும்பகுதி முடிவாகிவிடுகிறது.

அப்படியானால் வெள்ளை எலி ஏன் தப்பாகவே முடிவெடுக்கிறது?

இங்கே கதை அவ்வளவு நேராகப் போகாது, பாடப் புத்தகம் சொல்கிற அளவுக்குச் சுத்தமாகவும் இருக்காது.

சுவிட்சர்லாந்தின் லோசான் பக்கம் ழாக் லூயி குழு 1990-களில் கண்டது இது. லேக் என்ற ஒரு கிருமிப் புரதம் உண்டு. வெள்ளை எலியின் டி செல்களில் ஒரு சிறு கூட்டம் அதைப் பார்த்ததும் ஒரே நாளுக்குள் இன்டர்லூகின்-4-ஐக் கொட்டுகிறது. அந்தக் கொட்டலுக்குப் பிறகு மற்ற டி செல்கள் இன்டர்லூகின்-12-க்குச் செவி கொடுக்கும் ஏற்பியையே இழக்கின்றன, பிறகு எவ்வளவு இன்டர்லூகின்-12 வந்தாலும் அவற்றுக்குக் கேட்காது. அந்தச் சிறு கூட்டம் இல்லாமல் செய்தால் வெள்ளை எலி பிழைக்கிறது. சரி, முடிச்சு அவிழ்ந்தது என்று தோன்றும்.

1996-இல் இன்டர்லூகின்-4 மரபணுவே இல்லாத வெள்ளை எலிகளை இரண்டு குழுக்கள் சோதித்தன. ஒரு குழு எலி தாங்குகிறது என்றது, மற்றது தாங்கவில்லை என்றது. இரண்டும் நல்ல குழுக்கள். பயன்படுத்திய கிருமியின் ரகத்தைப் பொறுத்து முடிவு மாறும் என்பதும், இன்டர்லூகின்-13, இன்டர்லூகின்-10 போன்றவையும் இதே வேலையில் கைகொடுக்கின்றன என்பதும் பிறகு விளங்கின. 2001-இல் இன்னொன்று வந்தது. கிருமி நுழைந்த முதல் எட்டு மணி நேரத்துக்குள் மட்டும் வெள்ளை எலிக்கு இன்டர்லூகின்-4 கொடுத்தால், அது டென்ட்ரைட்டிக் செல்லைத் தூண்டி இன்டர்லூகின்-12-ஐச் சுரக்க வைத்து, எலியைக் குணப்படுத்துகிறது! நோயை மோசமாக்குகிற அதே புரதம், நேரம் மாறினால் காப்பாற்றுகிறது. ஆகவே இன்டர்லூகின்-4 கெட்டது, இன்டர்ஃபெரான் காமா நல்லது என்று மனப்பாடம் செய்பவர்களிடம் நான் சொல்வது, எப்போது, எந்தச் செல்லுக்கு என்பதையும் சேர்த்துப் படியுங்கள் என்பதுதான்.

ஆன்டிபாடி உதவாதா?

பெரிதாக இல்லை. கிருமி செல்லுக்குள் ஒளிந்திருக்கிறது, ஆன்டிபாடி வெளியே சுற்றிக்கொண்டிருக்கிறது. வெள்ளை எலிக்கு ஆன்டிபாடி ஏராளமாகவே சுரக்கும், சுரந்தும் சாகிறது.

பாதத்தில் ஊசி போடுவதும் மணல் ஈ கடிப்பதும் ஒன்றா?

இல்லவே இல்லை, இந்தத் துறை இதைப் புரிந்துகொள்ள ரொம்ப நாள் எடுத்துக்கொண்டது. ஈ கொசு மாதிரி நுணுக்கமாகக் குத்தாது. தோலைக் கிழித்து, ஊறி நிற்கும் ரத்தக் குட்டையை உறிஞ்சும். கிருமி ஈயின் தொண்டைப் பக்கத்தில் ஒரு பசையைச் சுரந்து அடைத்து வைத்திருக்கும், கடிக்கும்போது அந்தப் பசையும் உமிழ்நீரும் கிருமியும் சேர்ந்து தோலுக்குள் இறங்கும். போகிற கிருமியின் எண்ணிக்கையும் பெரும்பாலும் நூறுகளில்தான், லட்சங்களில் இல்லை. 1988-இலேயே டைட்டஸும் ரிபெய்ரோவும், மணல் ஈயின் உமிழ்நீரைக் கொஞ்சம் சேர்த்தால் எலியில் தொற்று பலமடங்கு வலுக்கிறது என்று காட்டியிருந்தார்கள்.

அதனால் 2000 வாக்கில் யாஸ்மின் பெல்கெய்டு, டேவிட் சாக்ஸ் குழு முறையை மாற்றியது. பாதத்தை விட்டுவிட்டு எலியின் காது மடல் தோலுக்குள், நூறு கிருமி மட்டும். என்ன நடந்தது தெரியுமா? நாலைந்து வாரம் ஒன்றுமே தெரியவில்லை. காது சாதாரணமாக இருக்கும், உள்ளே கிருமி சத்தமில்லாமல் பெருகிக்கொண்டிருக்கும். அப்புறம்தான் நோயெதிர்ப்புச் செல்கள் வந்து குவியும், புண் அப்போதுதான் தெரியும், கிருமியின் எண்ணிக்கை குறைவதும் அதே சமயம்தான். புண்ணாகக் கண்ணுக்குத் தெரிவதில் பெரும்பகுதி உடம்பு சண்டைக்கு வந்ததன் அடையாளம். முக்கியமில்லை என்று ஊசி முறையில் ஒதுக்கி வைத்திருந்த சிடி8 டி செல்களும் (தொற்றுள்ள செல்லை நேராகக் கொல்லக்கூடிய வகை) இந்த முறையில் தேவை என்று தெரிந்தது.

2008-இல் உயிருள்ள எலியின் காதுத் தோலுக்குள் நுண்ணோக்கியால் நேராகப் பார்த்தார்கள். ஈ கடித்த இடத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே நியூட்ரோஃபில்கள் மொய்த்துக்கொண்டு வந்து கிருமிகளை விழுங்கின. காயம் பட்டால் முதலில் ஓடி வரும் செல்கள் இவை, வந்தது நல்லதுதானே என்று நினைத்தால், நியூட்ரோஃபில்களை முன்கூட்டியே நீக்கிய எலிகளில் தொற்று நிலைப்பது குறைந்தது. கிருமி நியூட்ரோஃபிலுக்குள் உயிரோடு இருந்துவிட்டு மேக்ரோஃபேஜுக்கு இடம் மாறிக்கொள்கிறது. அடுத்த வருடம் வந்த செய்தி இன்னும் கவலை தருவது. செத்த கிருமியைக் கொண்டு செய்த ஒரு தடுப்பூசி ஊசித் தொற்றிலிருந்து எலியைக் காப்பாற்றியது, ஈ கடித்து வந்த தொற்றிலிருந்து காப்பாற்றவில்லை.

புண் ஆறிவிட்டால் கிருமி ஒழிந்துவிட்டது என்று அர்த்தமா?

இல்லை. ஆறின கறுப்பு எலியின் காதை எடுத்து அரைத்து வளர்த்துப் பார்த்தால் கிருமி இருக்கும், சில நூறிலிருந்து சில ஆயிரம் வரை, தழும்பிலும் பக்கத்து நிணநீர்க் கணுவிலும். எலி ஆயுசு முழுக்க அதோடு வாழ்ந்துவிடும். அந்த எலிக்கு மறுபடி கிருமியைச் செலுத்தினால் சட்டென்று அடக்கிவிடும், அவ்வளவு பலமான பாதுகாப்பு.

மிச்சக் கிருமியை ஏன் விட்டு வைக்கிறது? உடம்பில் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்று ஒரு வகை உண்டு, மற்ற செல்களின் வேகத்தைக் குறைப்பது அதன் வேலை. புண் இடத்தில் அவை குவிந்து, இன்டர்லூகின்-10 மூலமாகவும் வேறு வழிகளிலும் கொல்லும் வேகத்தைத் தணிக்கின்றன. இன்டர்லூகின்-10 இல்லாத கறுப்பு எலி கிருமியை முழுசாகத் துடைத்துவிடுகிறது. கேட்கும்போது நல்ல செய்தி போல இருக்கும். பெல்கெய்டு குழு 2002-இல் அடுத்த படியையும் பார்த்தது. முழுசாகத் துடைத்த எலிகளுக்கு மறுபடி கிருமியைக் கொடுத்தபோது பழைய பாதுகாப்பு இல்லை, புண் வந்தது. உடம்பில் தங்கியிருக்கும் அந்தக் கொஞ்சம் கிருமிதான் டி செல்களை விழிப்பில் வைத்திருக்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆறின எலிக்கு நைட்ரிக் ஆக்ஸைடு உண்டாவதைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தால் பழைய இடத்தில் நோய் திரும்பக் கிளம்புகிறது. மனிதரிலும் எச்.ஐ.வி. தொற்றோ, எதிர்ப்பைத் தணிக்கும் மருந்துகளோ வரும்போது பல வருடத்துக்கு முந்தைய லீஷ்மேனியா தலைதூக்குவது மருத்துவர்கள் அறிந்ததுதான்.

பழைய கிருமியை நினைவில் வைத்திருக்கும் டி செல்கள் எங்கே தங்குகின்றன?

ரத்தத்திலும் நிணநீர்க் கணுக்களிலும் மட்டும் இல்லை, தோலிலேயே ஊரைவிட்டுப் போகாமல் தங்கிவிடுகிறவையும் உண்டு. ஸ்காட் குழு 2015-இல் இதைக் காட்டியது. புண் வந்த இடத்திலிருந்து தள்ளி, வேறு இடத்துத் தோலிலும் அவை இருக்கின்றன, புதுக் கிருமி வந்ததும் மற்ற டி செல்களைக் கூப்பிடுகின்றன. தடுப்பூசி செய்பவர்கள் இப்போது இதன்மேல்தான் கண் வைத்திருக்கிறார்கள்.

எலியில் கண்டது மனிதருக்குப் பொருந்துமா?

பாதி பொருந்தும். இன்டர்ஃபெரான் காமா வேண்டும், மேக்ரோஃபேஜைத் தூண்ட வேண்டும், இது மனிதருக்கும் உண்மை. ஆனால் டிஎச்1 ஒரு பக்கம், டிஎச்2 மறு பக்கம் என்று மனித நோயாளிகளைப் பிரிக்கப் போனால் பிரியாது, இரண்டும் கலந்தே கிடைக்கும். தென் அமெரிக்காவில் லீஷ்மேனியா பிரேசிலியென்சிஸ் என்ற இனம் சிலருக்கு மூக்கையும் அண்ணத்தையும் அரித்துவிடும். அந்தப் புண்ணில் கிருமி மிகக் குறைவாகவே இருக்கும், அரிப்பது பெரும்பாலும் உடம்பின் அளவு மீறிய எதிர்ப்புத்தான். கிருமியைத் தேடி வந்த சிடி8 செல்கள் திசுவையே உடைத்து அழற்சியைக் கூட்டுகின்றன. இதற்கு நேர் எதிராக, எதிர்ப்பே எழாமல் உடம்பெல்லாம் கிருமி நிறைந்த முடிச்சுகள் வருகிற வகையும் உண்டு. இந்த இரண்டு கோடிகளுக்கும் நடுவே மனிதர்கள் பரவி நிற்கிறார்கள், வெள்ளை எலி அதில் ஒரு கோடியைத்தான் காட்டுகிறது.

இலங்கை இன்னொரு புதிர். அங்கே முதல் உள்ளூர்த் தொற்று 1992-இல் பதிவானது, இப்போது வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் தோல் புண் வருகிறது, அதை உண்டாக்குவது காலா அசாரின் அதே லீஷ்மேனியா டோனோவானி. மண்ணீரலுக்குப் போக வேண்டியது ஏன் தோலில் நின்றுவிடுகிறது? கேரளத்தில் திருவனந்தபுரம் பக்க மலையில் வாழும் காணி மக்களிடமும் டோனோவானியால் வந்த தோல் புண் கண்டறியப்பட்டிருக்கிறது. கறுப்பு எலி, வெள்ளை எலிப் பாடம் மட்டும் வைத்துக்கொண்டு இதற்கு விடை சொல்ல முடியாது.

இவ்வளவு தெரிந்தும் தடுப்பூசி ஏன் இல்லை?

ஒரு வகையில் இருந்தது, அதுவும் பல காலமாக. முகத்தில் தழும்பு வரக்கூடாது என்று, துணியில் மறையும் இடத்தில் குழந்தைக்கு வேண்டுமென்றே புண்ணை வரவழைத்துக்கொள்ளும் வழக்கம் மேற்கு ஆசியாவில் இருந்தது. அதையே ஆய்வகத்தில் வளர்த்த உயிருள்ள கிருமியால் செய்ததற்கு லீஷ்மனைசேஷன் என்று பெயர். சோவியத் நாட்டிலும் இஸ்ரேலிலும் செய்தார்கள். ஈரான்-ஈராக் போர்க் காலத்தில் ஈரானில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் போடப்பட்டது. பாதுகாப்புக் கிடைத்தது. ஆனால் சிலருக்கு அந்தப் புண்ணே மாதக்கணக்கில் ஆறவில்லை, அதனால் கைவிட்டார்கள். பிறகு செத்த கிருமியைக் காசநோய்த் தடுப்பூசியான பிசிஜியோடு சேர்த்து ஈரானில் பெரிய சோதனைகள் நடந்தன, சொல்லிக்கொள்கிற மாதிரி பலன் இல்லை. மேலே சொன்ன ஆறின எலியை நினைத்துப் பார்த்தால் காரணம் புரியும்: கிருமி தங்கியிருப்பதில் வருகிற பாதுகாப்பை, தங்காத கிருமியால் கொடுக்கப் பார்த்தார்கள்.

எனக்கு நம்பிக்கை தருவது 2020-இல் வெளியானது. மரபணுவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் முறையில் லீஷ்மேனியா மேஜரின் சென்ட்ரின் மரபணுவை நீக்கினார்கள். சென்ட்ரின் இல்லாமல் அந்தக் கிருமி மேக்ரோஃபேஜுக்குள் போய்ப் பிளந்து பெருக முடியாது, கொஞ்ச காலம் இருந்துவிட்டு அடங்கிவிடும், புண் வராது. அப்படித் தடுப்பூசி பெற்ற எலிகள் மணல் ஈ கடித்து வந்த தொற்றையும் தாங்கின. பழைய தடுப்பூசிகள் தோற்ற இடம் அந்த ஈக்கடிதான், அதனால்தான் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

எலிகளை இப்படி வருத்துவது சரியா?

இந்தக் கேள்வி கேட்பவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. இந்தியாவில் விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் ஓர் எலியைக்கூடத் தொடக் கூடாது. எத்தனை எலி, ஏன் அத்தனை, எந்த நிலையில் நிறுத்துவது என்று முன்னாலேயே எழுதித் தர வேண்டும். பாதத்திலிருந்து காதுக்கு மாறியதில் எலிக்கும் நன்மை உண்டு, காதில் சின்னப் புண்ணோடு அது சாதாரணமாக நடக்கும், ஏறும், சாப்பிடும். பாதம் வீங்கின எலி நடக்கவே சிரமப்படும். நான் அந்த நடையைப் பார்த்திருக்கிறேன், அதனால் காதிலேயே செய்ய முடிகிற சோதனையைப் பாதத்தில் செய்கிற திட்டம் எதற்கும் நான் ஆதரவு சொல்வதில்லை.

எனக்கு ஆறாத ஒரு புண் இருக்கிறது. அது இதுவாக இருக்குமா?

தெற்காசியாவில் இருப்பவர்கள், முக்கியமாக இலங்கையில் அனுராதபுரம், அம்பாந்தோட்டை, மாத்தறை பக்கம் இருப்பவர்களும் போய் வந்தவர்களும் கேட்கிறார்கள். ராஜஸ்தானில் பிகானேர் பக்கமும் வேறொரு இனத்தால் இது வரும். துணி மறைக்காத இடத்தில், முகம், கை, கால் போன்ற இடத்தில், சின்னக் கட்டியாகத் தொடங்கி, வலியும் அரிப்பும் இல்லாமல் வாரக்கணக்கில் மெல்லப் பெரிதாகி, நடுவில் உடைந்து, சாதாரண ஆன்டிபயாடிக் களிம்புக்கு அசையாமல் இருந்தால் தோல் மருத்துவரிடம் போங்கள். மணல் ஈ இருக்கும் ஊரில் தங்கியதை நீங்களே முதலில் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும் மருத்துவருக்கு அது உடனே தோன்றாமல் போகலாம். புண் ஓரத்திலிருந்து சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள், அந்தப் பெரிய புள்ளியும் சின்னக் கோடும் தெரிகிறதா என்று. இலங்கையில் பெரும்பாலும் சோடியம் ஸ்டிபோகுளுக்கோனேட் மருந்தை வாரா வாரம் புண்ணுக்குள்ளேயே ஊசியாகப் போடுகிறார்கள், திரவ நைட்ரஜன் வைத்து உறைய வைக்கும் சிகிச்சையும் உண்டு. புண் வற்றத் தொடங்கியதும் பாதியில் நிறுத்திவிடாதீர்கள், மருத்துவர் போதும் என்று சொல்லும் வரை போய் வாருங்கள்.